பத்து நாள் விபாசனா முகாம்: அச்சத்தோடு அமரப் பழகியது

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் பரிசோதனை நெருங்கினாலே எனக்கு உறக்கம் போய்விடும். அந்த அவதியோடுதான் சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள 'தம்ம சேது' மையத்தின் பத்து நாள் விபாசனா தியான முகாமில் சேர்ந்தேன்.

பர்மாவில் பிறந்து வளர்ந்த எஸ்.என்.கோயங்கா, தம் ஆசிரியர் சயாஜி ஊ பா கினிடம் கற்று, 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பயிற்சி இது. கட்டணம் கிடையாது, முகாமை முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். கைபேசி, புத்தகம், பேனா எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, பத்தாம் நாள் வரை சக பயிற்சியாளர்களோடு பேசாமல் இருக்க வேண்டும். அதிகாலை 4 மணிக்கு மணியடிக்கும். காலை 6.30 மணிக்குச் சிற்றுண்டி, பகல் 11 மணிக்குச் சாப்பாடு, மாலை 5 மணிக்குத் தேநீரும் பழமும், அவ்வளவுதான். பசி இரண்டே நாளில் பழகிவிடுகிறது.

முதல் மூன்று நாளும் மூக்கின் வாயிலில் மூச்சை மட்டும் கவனிக்கிறோம். நான்காம் நாள், உடலில் எழும் உணர்வுகளைக் கவனிக்கும் விபாசனா தொடங்கியபின், நாளுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கையையும் காலையும் அசைக்காமல் அமர வேண்டும்; இதற்கு 'அதிட்டானம்' என்று பெயர். ஆறாம் நாள் பிற்பகல், அறுவை சிகிச்சை செய்த பக்கத்துத் தோள் எரியத் தொடங்கியதும், 'திரும்ப வந்துவிட்டதோ' என்ற நினைப்பு வந்து வயிறு இறுகியது. எழுந்து ஓடத் தோன்றியது. ஓடாமல் அந்த இறுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அச்சம் என்று நான் இத்தனை நாள் சொல்லிவந்தது தொப்புளுக்கு மேலே ஒரு கைப்பிடி அளவு இறுக்கமும், வறண்ட நாக்கும், நிற்காமல் ஓடும் எண்ணமும்தான் என்பது புலப்பட்டது. மணி முடியும் முன்பே அந்த இறுக்கம் இரண்டு முறை தளர்ந்து, மறுபடியும் கூடியது. நிலையாமையைச் சொல்லும் 'அனிச்சா' என்ற பாலிச் சொல்லை அதுவரை காதால் மட்டுமே கேட்டிருந்தேன்.

மாலையில் ஒலிபரப்பும் கோயங்காவின் பதிவு உரைகளில் வரும் முற்பிறவிக் கருத்துகள் எனக்கு ஒப்பவில்லை. ஏலக்காயைக் கல் என்று நினைத்துப் பாயசத்தையே ஒதுக்கிய குழந்தையின் கதையைச் சொல்லி, பிடிக்காததை எடுத்துவிட்டு மீதியை உண்ணுங்கள் என்று கோயங்காவே கூறுவதால் நானும் அப்படியே செய்தேன். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கடும் மனச்சோர்வோ ஆறாத மனக்காயமோ உள்ளவர்கள், விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுதி, தங்கள் மருத்துவரையும் கேட்ட பிறகே வர வேண்டும். பத்து நாள் மௌனம் எல்லோருக்கும் மருந்தாகாது. முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலி கேட்டுப் பெறலாம். அதில் தயக்கம் வேண்டாம்.

முகாமுக்குப் பிறகு வந்த முதல் பரிசோதனையன்று, ஸ்கேன் அறைக்கு வெளியே அதே இறுக்கம் அதே இடத்தில் வந்தது. கண்ணை மூடி அதைப் பார்த்தபடி இருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனேன்.