கொரிந்துவின் பெயர் தாங்கிய குட்டித் திராட்சை

கிறிஸ்துமஸ் கேக்குக்கு நவம்பரிலேயே உலர்பழங்களை ஊறவைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை அதற்காக இணையக் கடை ஒன்றில் ‘பிளாக் கரண்ட்’ என்று போட்டிருந்த கால் கிலோ பாக்கெட்டை வாங்கினேன். உறையில் செடியில் கொத்தாகத் தொங்கும் கருநிறப் பழங்களின் படம் இருந்தது. பிரித்துப் பார்த்தால் விதையுள்ள பெரிய கறுப்புக் கிஸ்மிஸ். அதே வாரம் ஏதென்ஸுக்குப் போய்வந்த சித்தப்பா மகன் ‘வோஸ்டிட்சா’ என்று குறித்த குட்டி உலர்திராட்சைப் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். இரண்டையும் ஒரே தட்டில் கொட்டிப் பார்த்தபோதுதான், ஒரு பெயரைச் சரியாகச் சொல்லாததால் வாங்குகிறவர் எவ்வளவு ஏமாறுகிறார் என்பது உறைத்தது.

‘கரண்ட்’ என்ற சொல் ஓர் ஊரின் பெயர். தமிழ் வேதாகமம் வாசித்தவர்களுக்குக் கொரிந்தியர் நிருபங்கள் வழியாகத் தெரிந்த, கிரேக்க நாட்டின் கொரிந்து பட்டணமே அது. குறுகிய நிலப்பாலத்தின் மீது அமைந்த அந்த நகரத்துக்கு மேற்கே லெக்காயோன், கிழக்கே கெங்கிரேயா என இரு கடல்களிலும் துறைமுகங்கள் இருந்தன. கப்பல்களைத் தரைவழியே இழுத்துச் செல்லக் கல்பாவிய பாதையும் இருந்தது. பிற்காலத்தில் அந்தப் பகுதியிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்குப் போன சின்னஞ்சிறு உலர்திராட்சையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கொரிந்துத் திராட்சை’ என்றார்கள். ஆங்கிலேயர் வாயில் திராட்சை என்ற பகுதி உதிர்ந்து, ஊர்ப்பெயர் மட்டும் தேய்ந்து ‘கரண்ட்’ ஆக நின்றுவிட்டது. பிறகு, குளிர்நாடுகளில் விளையும் வேறொரு புதர்ச்செடியின் பழம் பார்வைக்கு இதைப் போலிருந்ததால் அதற்கும் இதே பெயரைச் சூட்டினார்கள். பிளாக் கரண்ட் என்பது அதுதான். அதற்கும் திராட்சைக்கும் எந்த உறவும் இல்லை. நான் வாங்கிய பாக்கெட்டில் படம் புதர்ப்பழத்தினுடையது, பெயரும் அதனுடையது, சரக்கு மட்டும் மூன்றாவது ஒன்று.

வோஸ்டிட்சா என்பது கொரிந்து வளைகுடாவின் தென்கரையிலுள்ள ஏகியோ நகரத்தின் பழைய பெயர். அங்கு விளையும் கொரிந்துத் திராட்சைக்கு நம் புவிசார் குறியீட்டைப் போன்ற, ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் உரிமை உண்டு. கொடியில் பழுக்கும்போதே பட்டாணி அளவே இருக்கும் இந்தப் பழம், காய்ந்தபின் மிளகைவிடச் சற்றே பெரிதாகச் சுருங்கிவிடுகிறது. விரலால் நசுக்கிப் பார்த்தேன். விதை இல்லை, தோல் மெல்லியது, நிறம் கருநீலம் கலந்த கறுப்பு. சர்க்கரைப் பாகு போன்ற வெறும் இனிப்பு இல்லாமல், முதலில் ஒரு மென்புளிப்பும், மென்று முடிக்கும்போது கருப்பட்டியை நினைவூட்டும் ஆழமான இனிப்பும் வருகின்றன. சில பழங்களில் நூல்போன்ற காம்பு ஒட்டியிருந்தது; வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை அலசித் துணியில் உலர்த்தியதும் அந்தக் குறை தீர்ந்துவிட்டது.

கேக்கில் இதன் அருமை தெளிவாகத் தெரிகிறது. பெரிய கிஸ்மிஸ் மாவின் அடியில் போய்த் தங்கிவிட, இது துண்டு முழுவதும் பரவி, ஒவ்வொரு கடியிலும் அகப்படுகிறது. ஆரஞ்சுச் சாற்றில் ஒரே இரவில் நன்றாக ஊறிவிட்டது. சர்க்கரைப் பொங்கலுக்கு மட்டும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: நெய்யில் போட்டதும் கிஸ்மிஸ் உருண்டு உப்புவதைப் போல இது உப்பாது, கண் இமைப்பதற்குள் கருகிக் கசந்துவிடும். இறக்கிய பிறகு வறுக்காமலே தூவிக்கொள்ளலாம்.

தமிழில் கரண்ட் என்றால் மின்சாரம் என்றே காதில் விழும் என்பதால், நம் கடைக்காரர்கள் இதைக் ‘கொரிந்துத் திராட்சை’ என்றே அச்சிடலாம். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் கிரேக்கத்திலும் அந்த ஊர்ப்பெயர் இன்றும் சிதையாமல் வழங்குகிறது. அதுவரை வாங்குகிறவர்கள் உறையின் முன்பக்கப் படத்தை நம்பாமல், பின்பக்கத்தில் கிரேக்க விளைச்சல் என்றும் விதையற்றது என்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாக்கெட்டைப் பிரித்ததும் கண்ணாடிப் புட்டியில் மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், சென்னைப் புழுக்கத்திலும் பிசுபிசுக்காமல் இருக்கிறது.