பிசிபி ஏர் ரைஃபிள்: கை பம்பா, சிலிண்டரா, கம்ப்ரஸரா?

முதல் பிசிபி, அதாவது உள்ளே அழுத்தி நிரப்பிய காற்றில் சுடும் ஏர் ரைஃபிள், வாங்கப் போகிறவர்கள் எந்த மாடல், குண்டின் அளவு .177 நல்லதா .22 நல்லதா என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், காற்றை எப்படி நிரப்புவது என்ற கேள்வியோ துப்பாக்கி கைக்கு வந்த பிறகுதான் எழுகிறது. அதை முதலில் முடிவு செய்யுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியை மடக்கி நிமிர்த்தினால் சுடலாம். பிசிபிக்கோ 200 பார் அழுத்தத்தில் காற்று வேண்டும், சிலவற்றுக்கு 250, 300 கூட. கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார்தான், அதனால் டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் இங்கே எடுபடாது.

கை பம்பு விலை குறைவு, கரண்ட் வேண்டாம். 150 பார் வரை பெரிய சிரமம் இல்லை, அதற்கு மேல் உடம்பின் எடை முழுவதையும் கைப்பிடியில் இறக்க வேண்டியிருக்கும். 200 சிசி காற்றறையை 150லிருந்து 200 பாருக்கு ஏற்ற, வெளிக்காற்று சுமார் 10 லிட்டர் உள்ளே போக வேண்டும். பம்பைப் பொறுத்து நூறு முறை போல அடிக்க வேண்டி வரும். அது பரவாயில்லை. 500 சிசி பாட்டில் மாட்டிய துப்பாக்கிக்குக் கை பம்பு என்றால், சுடுவதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிடும். நடுவில் நிறுத்தி பம்பை ஆறவிடுங்கள், சூட்டில் சீல்கள் சீக்கிரம் போய்விடும்.

சிலிண்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 11 லிட்டர் அலுமினிய ஸ்கூபா சிலிண்டர் பார்க்கப் பெரிதாக இருக்கும், ஆனால் அதன் முழு அழுத்தமே 207 பார், ஆக மேலே சொன்ன அதே துப்பாக்கியை ஏழெட்டு முறை 200க்கு நிரப்பியதும் அதற்கு மேல் ஏற்ற முடியாமல் போகும், உள்ளே ஏகப்பட்ட காற்று மிச்சம் இருந்தாலும். 300 பார் கார்பன் ஃபைபர் சிலிண்டர் 6.8 லிட்டர்தான் என்றாலும் அதே வேலையை அறுபது முறை போலச் செய்யும். விலை அதிகம், ஆயுளுக்கும் வரம்பு உண்டு. பழையது வாங்கினால் சிலிண்டரில் உள்ள சோதனைத் தேதியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அப்புறம், காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் நிரப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள், வெடித்துவிடும். பெட்ரோலிய எண்ணெய், கிரீஸும் அப்படித்தான், அழுத்தத்தில் தீப்பிடிக்கும்; சீலுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

12 வோல்ட்டில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் சௌகரியம்தான், ஆனால் சத்தம், சூடு, ஈரத்தை வடிகட்டும் ஃபில்டரை அடிக்கடி மாற்றும் வேலை எல்லாம் கூடவே வரும். துப்பாக்கியை நேராக நிரப்பத்தான் அது. பெரிய சிலிண்டரை நிரப்பச் சொன்னால் மோட்டார் தாங்காது.

என்னைக் கேட்டால், 200 பாரில் நிரம்பும் சின்ன காற்றறை உள்ள துப்பாக்கி, கூடவே கை பம்பு, ஆரம்பத்துக்கு இதுவே தாராளம். 300 பார் வரை நிரப்பித் தரும் டைவிங் கடை பக்கத்தில் இருந்தால் மட்டும் நேராக கார்பன் சிலிண்டருக்குப் போங்கள். இரண்டும் ஒத்துவராது, தினமும் நிறைய சுடுவேன் என்பவருக்குத்தான் கம்ப்ரஸர்.