பட்ச் நண்பர்களா, சீனியரா?

இலங்கைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின், கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும்போது மனம் குழம்பினால் யாரிடம் போவது?

பட்ச் நண்பர்கள், அதாவது அதே ஆண்டில் கூடவே படிப்பவர்கள், உடனே கிடைப்பார்கள். ஆங்கில விரிவுரை புரியாததையும், சித்த மருத்துவம் என்றதும் சொந்தக்காரர் முகம் சுளிப்பதையும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என்ன, பரீட்சைக்கு முதல்நாள் எல்லோரும் சேர்ந்தே பயப்படுவார்கள்!

சீனியர் அண்ணா, அக்காமார் வேறு வகை. மீள்பரீட்சை எழுதித் தேறியவர், அரச வேலைக்குக் காத்திருந்து அலுத்துத் தனியார் பக்கம் போனவர் என்று பாதை தெரிந்தவர்கள். ஆனால் பகிடிவதை (ராகிங்) பற்றிய பயம் நெருங்க விடாது. 1998இலேயே அதற்கு எதிராகச் சட்டம் வந்தும் இந்த நிலைதான்.

வேலை, பாடத்தெரிவு என்றால் நான் சீனியரைத்தான் சொல்வேன். ‘நான் யார்’ என்ற குழப்பத்துக்கு பட்ச். வாழவே பிடிக்கவில்லை என்றால் இருவரும் போதாது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு அழையுங்கள்.