செஸ்னா 152-ஆ, ஹன்சா-என்ஜியா?

இருவர் அருகருகே உட்கார்ந்து பறக்கக் கற்கும் விமானம் என்றால் பலருக்கும் முதலில் வாயில் வருவது செஸ்னா 152தான். நல்ல விமானம், சந்தேகமே இல்லை, ஆனால் 1985-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், அதனால் கடைசியாக வந்ததுக்கே வயது நாற்பது ஆகிறது. எதிரே நிற்பது பெங்களூரு என்ஏஎல்-இன் (தேசிய விமான-விண்வெளி ஆய்வகம்) ஹன்சா-என்ஜி, 2021 செப்டம்பர் 3-இல் முதன்முதலாகப் பறந்தது. அலுமினியத்துக்குப் பதில் கம்போசிட் (இழையும் பிசினும் அடுக்கடுக்காகச் சேர்த்த) உடல், மேலே இருந்த இறக்கை கீழே, டயல்கள் இருந்த இடத்தில் திரை.

பெரிய வித்தியாசம் இன்ஜினில்தான் இருக்கிறது. செஸ்னாவின் லைகமிங் இன்ஜின் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி) வைத்தது. இறங்குவதற்கு த்ராட்டிலைக் குறைக்கும் முன் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று அனுப்பும் குமிழை) இழுக்க மறந்தால், காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில், வெயில் அடித்தாலும்கூட, உள்ளே ஐஸ் கட்டி இன்ஜின் தடுமாறும். உயரம் ஏறினால் மிக்சரையும் (எரிபொருள்-காற்று விகிதத்தை) கையால் சரிசெய்யணும். ஹன்சா-என்ஜியின் ரோட்டாக்ஸ் 912 இன்ஜினில் இந்த இரண்டு வேலையும் இல்லை, கம்ப்யூட்டரே எரிபொருளை அளந்து தெளிக்கிறது. பதிலுக்கு, பறக்கும் முன் ஆயில் அளவு பார்க்க வேறொரு சடங்கு உண்டு: சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு புரொப்பல்லரைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்கணும், ஆயில் டாங்கிலிருந்து களகளவென்று சத்தம் வந்த பிறகுதான் அளவுக்குச்சியை நம்பலாம்.

செலவில் ஹன்சா முந்துகிறது. செஸ்னா மணிக்கு 23 லிட்டர் அளவில் குடிக்கும், அதுவும் பெரும்பாலும் ஈயம் கலந்த ஏவ்கேஸ் எனும் விமானப் பெட்ரோல். ரோட்டாக்ஸுக்கு அதைவிடக் குறைவு போதும், சாதாரண பெட்ரோலுக்கும் ஏற்ற இன்ஜின். ஆனால் மின்சாரம் முழுசாகப் போனால் நின்றுவிடும், அதனால்தான் ஜெனரேட்டரும் இரண்டு, கம்ப்யூட்டரும் இரட்டை. செஸ்னாவின் மேக்னட்டோவுக்கு (இன்ஜின் சுழற்சியிலேயே தீப்பொறி உண்டாக்கும் கருவி) பேட்டரி செத்தாலும் கவலை கிடையாது. 2022-இல் கர்நாடகத்தின் சள்ளகெரேயில் 7,000 அடிக்கு மேல் ஹன்சாவின் இன்ஜினை வேண்டுமென்றே அணைத்து, பறக்கும்போதே மறுபடி கிளப்பிப் பார்த்தார்கள். அதற்கு முன் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனையும் முடிந்திருந்தது.

சரி, அடி வாங்குவதில்? மாணவர் மூக்குச் சக்கரத்தை முதலில் தரையில் மோதினால் செஸ்னாவின் ஃபயர்வால் (இன்ஜினையும் விமானி அறையையும் பிரிக்கும்) தகடு சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும், ரிவெட் அடிக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். கம்போசிட்டில் மேற்பூச்சு பளபளவென்றே இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டித் தட்டிக் கேட்கணும், நல்ல இடம் கணீரென்கும், பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும்.

புதிதாகத் தொடங்கும் கிளப்புக்கு நான் ஹன்சாவைத்தான் சொல்வேன், கம்போசிட் பழுது பார்ப்பவர் பக்கத்தில் இருந்தால். ஏற்கெனவே ஓடும் செஸ்னாவும் அதைத் தெரிந்த மெக்கானிக்கும் கையில் இருப்பவர்கள் இப்போதைக்கு விற்க வேண்டாம்.