ஒரு மணி நேரச் சொட்டு, இரண்டு வார வெளிச்சம்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்காகப் போன மே மாதம் சென்னை கொளத்தூரில் வாங்கிய இரண்டு லெதர் கோரல் (தோல்போல் இருக்கும் மென்பவளம்) துண்டுகள் ஈசிஆர் பேருந்தில் என் மடியிலேயே பாண்டி வந்து சேர்ந்தன. லாஸ்பேட்டை வீட்டில் தெர்மாகோல் பெட்டியைத் திறந்தபோது பையிலிருந்த நீர் 29 டிகிரி. நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடும் தொட்டி 26. அறையோ 34. இரண்டும் ஒரே தாய்ப் பவளத்தில் வெட்டியவை என்பதால் ஒன்றைச் சொட்டு முறையிலும் மற்றதைப் பையோடு மிதக்கவிட்டும் தொட்டி நீருக்குப் பழக்கிச் சேர்த்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

சொட்டு முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பை நீரோடு பவளத்தை ஒரு டப்பாவில் வைத்து, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக விட வேண்டும். டப்பா நீர் இரண்டு மடங்காக ஒரு மணி நேரம் பிடிக்கும். இதன் பெரிய பலம் உப்பளவைச் சமன் செய்வது. மீனைப்போல உடலுக்குள் உப்பைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு பவளத்துக்குக் கிடையாது. சுற்றியுள்ள நீர் எப்படியோ, அதன் திசுவும் அப்படியே. உப்பு சட்டென்று மாறினால் செல்கள் வீங்கும் அல்லது சுருங்கும். அதனால் மெதுவாக மாற்றுவது நல்லது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் நம் ஊர் வெயிலில் இதற்குள் ஒரு கோளாறு இருக்கிறது. அரை லிட்டர் நீர் 34 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் கிடந்தால் என்ன ஆகும்? குளிர்ந்த தொட்டி நீர் சொட்டிக்கொண்டே இருந்தும் என் டப்பா 30ஐத் தாண்டிவிட்டது. வெளியே எடுத்தபோது பவளம் பையில் வந்ததைவிடச் சூடான நீரில் இருந்தது. அதை நேராக 26க்குள் இறக்கினேன். உப்புக்காகப் பார்த்த பொறுமை வெப்பத்தில் வீணானது. போதாததற்கு, லெதர் கோரல் மிரண்டால் சளியைக் கக்கும். தன் அண்டை வீட்டுப் பவளங்களை விரட்ட அது வைத்திருக்கும் ரசாயனங்கள் உண்டு. அசைவில்லாத சின்ன டப்பாவில் அந்தச் சளியிலேயே ஊறுவது அதற்கும் நல்லதில்லை.

மற்றொன்றை மூடிய பையோடு 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டேன். வெப்பம் சமமானதும் பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டி நீர், நான்கு தடவை. பிறகு பவளத்தை மட்டும் எடுத்துத் தொட்டியில் வைத்துவிட்டு, பை நீரைச் சாக்கடையில் கொட்டினேன். மொத்தம் 40 நிமிடம். மிதந்து வந்தது மூன்றாம் நாள் பாலிப்பை (பவளத்தின் பூப்போன்ற சின்ன உயிரிகளை) விரித்தது, சொட்டு வாங்கியது ஐந்தாம் நாள். சரி, இரண்டே துண்டுகளை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் என் வீட்டு நிலவரத்துக்கு மிதப்பே போதும் என்று முடிவு செய்ய அது போதும்.

பை நீரின் ஒப்படர்த்தி (உப்பு கூடினால் இதுவும் கூடும்) 1.024, என் தொட்டி 1.025 என்று இருந்ததால் சொன்ன முடிவு இது. கடலூரில் இருக்கும் நண்பர் கடல் நீரையே பயன்படுத்துகிறார். தேவனாம்பட்டினத்தில் படகுக்காரர்களிடம் சொல்லிக் கேனில் வாங்குவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெண்ணையாறும் கெடிலமும் வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்போது கரையோர நீரில் உப்பு குறைந்துவிடும். அப்போது அவர் தொட்டிக்கும் கடைப் பைக்கும் வித்தியாசம் பெரிதாக நிற்கும். "அண்ணே, எனக்குச் சொட்டுதான் சரி" என்பார். அவருக்கு அதுதான் சரி. மழைக்காலத்தில் அறையும் குளிர்ந்திருக்கும் என்பதால் டப்பா சூடாகும் கவலையும் இல்லை. என் கணக்கு இது: வித்தியாசம் 0.002க்குள் என்றால் மிதப்பு, அதற்கு மேல் என்றால் சொட்டு. சொட்டுவிடும் டப்பாவைத் தொட்டிக்குள்ளேயே மிதக்க வைத்தால் வெப்பச் சிக்கலும் தீரும். இதற்கெல்லாம் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் சரியாக இருக்க வேண்டும். வெறும் ஆர்ஓ நீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்ப வேண்டாம். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

புதுப் பவளத்தைத் தொட்டியில் வைக்கும் முன் மருந்து நீரில் முக்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முக்குங்கள். ஒட்டுண்ணிகளும் தட்டைப்புழுவும் போகும், ஆனால் முட்டைகள் பிழைத்துக்கொள்ளும். சோவாந்தஸ் போன்ற பொத்தான் வடிவப் பவளங்கள் என்றால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு.

சொட்டுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கும் நாம் வெளிச்சத்துக்கு ஒரு நாள்கூடப் பொறுப்பதில்லை. எனக்கு முதலில் செத்த பவளம் அப்படிப் போனதுதான். ஒன்றரை மணி நேரம் சொட்டுவிட்டு, எடுத்துப் போய் விளக்குக்கு நேர் கீழே உச்சிப் பாறையில் வைத்தேன். ஒரே வாரத்தில் வெளுத்துவிட்டது. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகள் பழகாத வெளிச்சத்தில் தாங்க முடியாத அளவுக்குத் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கும்; பவளம் பாசியையே துரத்திவிடும்.

இங்கும் இரண்டு வழி. மணலில் வைத்து நான்கைந்து நாளுக்கு ஒருமுறை சில அங்குலம் மேலே ஏற்றுவது ஒன்று. வேண்டிய இடத்திலேயே வைத்து விளக்கை 40 சதவீதத்துக்குக் குறைத்து, இரண்டு வாரத்தில் பழையபடி கூட்டுவது மற்றொன்று. புதுத் தொட்டி என்றால் இரண்டாவது வழி சுகம், பவளமும் பாறையில் நிம்மதியாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் தொட்டியில் ஏற்கெனவே பழைய பவளங்கள் இருந்தால், புது மருமகளுக்காக வீடு முழுக்க விளக்கணைப்பது மாதிரி ஆகிவிடும். எனவே நான் மணலில்தான் வைக்கிறேன், ஒரு சின்ன தட்டில் ஒட்டி. தட்டோடு தூக்கி வைப்பதால் துண்டின் மேல் கைபடாது.

லெதர் கோரல் மூடிக்கொண்டு மெழுகுபோல் மினுங்கினால் பயப்பட வேண்டாம். தோல் உரிக்கிறது. சில நேரம் ஒரு வாரம்கூட ஆகும். அதுவரை இடம் மாற்றாமல், நீரோட்டம் அதன்மேல் மெல்லப் படும்படி விட்டுவிட்டால் போதும். என்னுடைய இரண்டு துண்டுகளும் இப்போது ஒரே பாறையில் இருக்கின்றன. எது சொட்டு வாங்கியது என்று தட்டைத் திருப்பி அடியில் எழுதியதைப் பார்த்தால்தான் தெரியும்.