டிரம்மைவிடச் சருகு மூட்டைதான் முக்கியம்

2022 ஜனவரியில் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள புலாவ் பூரோங் குப்பைமேடு தீப்பிடித்து எரிந்தபோது நிபோங் திபாலில் எங்கள் வீட்டுச் சன்னல்களைப் பல நாட்கள் திறக்கவே இல்லை. காயப்போட்ட துணியெல்லாம் புகை நெடி. பினாங்குத் தீவின் குப்பையும் கடல் தாண்டி வந்து சேரும் இடம் அது. என் வீட்டு வெங்காயத் தோலும் அதில்தானே கிடக்கிறது என்ற உறுத்தலில், சமையலறைக் கழிவை உரமாக்க நாற்பது ரிங்கிட் கொடுத்து ஒரு பழைய நீல டிரம் வாங்கினேன்.

சுற்றிலும் துளை போட்டு, அடியிலும் போட்டு, செங்கல்மேல் நிறுத்தினேன். படித்த குறிப்புகளிலெல்லாம் ‘அவ்வப்போது தண்ணீர் தெளிக்கவும்’ என்றிருந்தது. தெளித்தேன். யாரோ வறண்ட ஊர்க்காரர் எழுதிய யோசனை அது என்பது செப்டம்பர் மழையில்தான் புரிந்தது. மூடியின் விளிம்பு வழியே இறங்கிய தண்ணீரில் எல்லாம் கறுப்புக் கூழாகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா வேலியருகே வந்து, “எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா?” என்று மலாயில் பணிவாகக் கேட்டார். நாற்றத்தைவிட அந்தப் பணிவுதான் கூச வைத்தது.

ஈரக் கழிவு அழுந்திக் காற்று நுழையாமல் போனால் அழுகும். காற்று உள்ளே போனால் மட்கும். சங்கதி அவ்வளவுதான். சருகில் மிகுந்த கார்பன் 25 முதல் 30 பங்குக்கு, ஈரக் கழிவில் மிகுந்த நைட்ரஜன் ஒரு பங்கு என்பார்கள். சமையலறையில் நின்றுகொண்டு அதையெல்லாம் யார் அளப்பது? ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் சருகு, வாரம் ஒருமுறை குச்சியால் கிளறல், மேலே ஒரு துத்தநாகத் தகடு. மூன்றே வாரத்தில் நாற்றம் அடங்கியது. சருகு தீர்ந்த நாட்களில் முட்டை அட்டையைக் கிழித்துப் போடுகிறேன். பலகைக் கடை மரத்தூள் வேண்டாம், பசை கலந்திருக்கலாம்.

மிஞ்சிய சோறும் மீன் செவுளும் போட்ட ஒரு வாரத்தில் டிரம் முழுக்கக் கொழுத்த புழுக்கள். மாமியார் மூடியைத் திறந்த வேகத்தில் சாத்திவிட்டு, “உரமா வளர்க்கிறாய், புழுவா?” என்றார். குளவி போலிருக்கும் ஒரு கறுப்பு ஈயின் புழுக்கள் அவை. வளர்ந்த ஈ சாப்பாட்டில் வந்து மொய்ப்பதில்லை. அரைப் பப்பாளி இரண்டே நாளில் காணாமல் போகும். முற்றிய புழுக்கள் துளை வழியே வெளியேறும் நேரம் மைனாக்களுக்கு அத்துப்படி. காலை ஏழு மணிக்குச் செங்கல்மேல் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. எலிக்குப் பயந்து மீனை மட்டும் இப்போது நிறுத்திவிட்டேன்.

வாழையிலையும் தேயிலைத் தூளும் சீக்கிரம் கரைந்துவிடும். முட்டை ஓடு கடைசிவரை முட்டை ஓடாகவே இருக்கும். டுரியான் தோல்தான் பிடிவாதக்காரன்: பதினான்கு மாதம் கழித்து உரத்தைச் சலிக்கும்போது கட்டைவிரலில் முள் ஏறியது. அதன் பிறகு டுரியான் தோல் இந்த வீட்டு டிரம்முக்குள் நுழைவதில்லை.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வாளி உரம் கிடைக்கிறது. முதல் வாளியை அவசரப்பட்டு அரைவேக்காடாகவே மிளகாய்க் கன்றுகளுக்குப் போட்டேன். அத்தனையும் மஞ்சளாகி நின்றன. இப்போது சலித்து, ஒரு மாதம் சாக்கில் ஆறப்போட்ட பிறகே எடுக்கிறேன். கறிவேப்பிலைச் செடி என் உயரத்தைத் தாண்டிவிட்டது. கூடவே, கேட்காமலே எல்லாச் சட்டியிலும் தக்காளி முளைக்கிறது. குப்பை லோரிக்கு வாரம் மூன்று பை வைத்த இடத்தில் ஒன்றுதான் வைக்கிறோம்.

சருகுக்குத்தான் இன்னும் அலைச்சல். விளையாட்டுத் திடலில் இருந்த ரம்புத்தான் மரத்தைப் போன வருடம் வெட்டிவிட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமைகளில் கோவில் அரசமரத்தடிக்குச் சாக்கோடு போகிறேன். முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்த பூசாரி இப்போது தானே கூட்டி ஓரமாகக் குவித்து வைக்கிறார். மாலை கட்டிய நைலான் நூலும் அதில் கலந்து வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியிருக்கிறது.