உயிலா, தானசெட்டில்மென்ட்டா? அம்மாவின் வீட்டுக்கு நாங்கள் எடுத்த முடிவு

ராமநாதபுரத்தில் ஒரே அறை ஆபீசில் தனியாக வக்கீல் தொழில் நடத்துகிறேன். ஜூனியர் கிடையாது, டைப் அடிப்பதும் நானே. வருகிறவர்களில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள். ஒரு பிள்ளை கத்தாரில், ஒரு பிள்ளை திருப்பூரில், ஊரில் ஒரு வீடும் பத்துத் தென்னையும் என்று இருப்பவர்கள். உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "உயில் எழுதுறதா, இப்பவே எழுதிக் கொடுத்துர்றதா?"

பல வருஷம் மற்றவர்களுக்குச் சொன்ன பதிலை என் வீட்டிலேயே சொல்ல வேண்டி வந்தது. உச்சிப்புளிப் பக்கம் அம்மா பெயரில் ஒரு ஓட்டு வீடும் கொஞ்சம் தோப்பும் இருக்கின்றன. அம்மாவின் சொந்தக் கிரயம், பூர்வீகச் சிக்கல் இல்லை. தம்பி செட்டில்மென்ட் கேட்டான், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரம். வீட்டை இடித்துக் கட்ட பேங்க் லோன் வேண்டுமாம். நான் உயில் என்றேன். கடைசியில் உயில்தான் எழுதினோம். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவை இரண்டு வரியில் முடித்துவிடலாம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் உச்சவரம்பை உயர்த்திய பிறகு தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. உயிலுக்கு முத்திரைத்தீர்வையே கிடையாது. பதிவும் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டாலே செல்லும். ஆனாலும் பதிந்துவிடுங்கள். பின்னால் "இது பெரியம்மா கைநாட்டே இல்லை" என்று சண்டை வரும்போது பதிவு ஓரளவு கைகொடுக்கும்.

செலவை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான் பார்த்த வரையில் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது ஒன்றுதான்: எழுதிக் கொடுத்த பிறகு மனசு மாறினால் என்ன செய்ய முடியும்?

செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடுகிறது. எழுதிக் கொடுத்தவர் மறுநாளே வருத்தப்பட்டாலும் தனியாகப் போய் ரத்துப் பத்திரம் பதிய முடியாது. ரத்து செய்யும் உரிமையைப் பத்திரத்திலேயே சட்டப்படி நிபந்தனையாக வைத்திருந்தால்தான் வழி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022-இல் சொல்லிவிட்டது. மற்றபடி சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பாட்டி வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரத்தை மாற்றியே சொல்கிறேன். மஞ்சப்பையிலிருந்து வீட்டு வரி ரசீதை எடுத்து நீட்டி, "இதுல என் பேரக் காணோமே, வக்கீல் தம்பி" என்றார். கணவர் காலத்திலிருந்து சேர்த்து வைத்த ரசீதுகள் எல்லாம் அந்தப் பையில் ஒரு நூல்கட்டாக இருந்தன. மேலே இருந்த புது ரசீதில் மட்டும் மகன் பெயர். பட்டாவும் மாறியிருந்தது. பத்திரத்தை வாங்கிப் படித்தேன். "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று பக்கம் நிறைய இருந்தது. "என் ஆயுள்காலம் வரை என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற ஒரு வரி இல்லை. அவரும் அப்போது கேட்கவில்லை, எழுதியவரும் போடவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையில் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் செல்லாததாக அறிவிக்கச் சொல்லி கோட்டாட்சியரிடம் மனுப் போடலாம். ஆனால் அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது முதியவர்களுக்காகக் கொண்டுவந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லித் தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் நாங்கள் வாதாடுகிறோம். பாட்டிக்கு உத்தரவு சாதகமாகத்தான் வந்தது. மகன் அதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுப் போட்டார். அந்த மாதங்கள் முழுக்கப் பாட்டி தங்கை வீட்டுத் திண்ணையில்தான் இருந்தார். ஜெயிப்பது வேறு, எழுபத்தைந்து வயதில் அந்த இடைப்பட்ட காலத்தை ஓட்டுவது வேறு.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. அம்மா முதலில் எழுதிய உயிலில் வீடு தம்பிக்கு, தோப்பு எனக்கு. இரண்டு வருஷம் கழித்துத் தங்கை கணவர் தவறிவிட்டார். தங்கை பிள்ளையோடு ஊர் திரும்பினாள். அம்மா ஒரு ராத்திரி யோசித்துவிட்டு, "மாத்தி எழுதணும்ப்பா" என்றார். மாற்றினோம். வீட்டில் பாதி தங்கைக்கு, தோப்பில் தம்பிக்குக் கொஞ்சம். என் பங்கில் சில தென்னைகள் குறைந்தன, அதை ஏன் மறைப்பானேன்? முதலிலேயே செட்டில்மென்ட் போட்டிருந்தால் தங்கைக்கு இடம் கொடுக்கத் தம்பியின் தயவு தேவைப்பட்டிருக்கும். அவன் நல்லவன்தான், கொடுத்திருப்பான். ஆனால் கேட்க வேண்டியது அம்மாவாக இருந்திருக்கும்.

உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், சட்டப்படி எழுதிய கடைசி உயில்தான் செல்லும். பதிந்த உயில் வில்லங்கச் சான்றிலும் (ஈசி) வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை நகலும் அவருக்கோ அவருடைய ஏஜென்டுக்கோ மட்டும்தான் கிடைக்கும். செட்டில்மென்ட் போட்டால் ஈசி போட்டுப் பார்க்கும் யாருக்கும் தெரிந்துவிடும். அக்கம்பக்கம் எல்லாம் சொந்தக்காரர்களாக இருக்கும் நம் ஊர்களில் இது சின்ன விஷயமில்லை.

அம்மாவின் உயிலை நான் எழுதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உயிலால் ஆதாயம் அடைகிறவன் முன்னின்று எழுதி வைத்தால் கோர்ட் அதைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். அதனால் பரமக்குடியில் என்னைப் போலவே தனியாக இருக்கும் நண்பரிடம் அனுப்பினேன். அன்றைக்கு நான் அந்தப் பக்கமே போகவில்லை. பத்திர ஆபீசில் நடந்ததை அம்மாதான் வந்து சொன்னார். காலமெல்லாம் பனை ஓலை முடைந்த விரல், ரேகை தேய்ந்துபோய் மிஷினில் விழவே இல்லை. ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாக மாற்றி வைத்து, கடைசியில் இடது மோதிர விரலில் விழுந்திருக்கிறது. அம்மாவுக்கு அதில் பெரிய பெருமை. படுக்கையில் இருப்பவர் என்றால் காரணம் சொல்லி மனுக் கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவார், அதற்குத் தனிக் கட்டணம்.

உயிலின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். உயிலை எழுதியவரை மறுநாளே யாராவது அழுத்தி அதே சொத்துக்குச் செட்டில்மென்ட் வாங்கிவிட்டால் உயில் வெறும் காகிதம். இறந்த பிறகு பட்டா மாற்றப் போனால் மற்ற வாரிசு ஒருவர் ஆட்சேபித்தாலே போதும், கோர்ட்டுக்குப் போகச் சொல்லி வருவாய்த்துறை அனுப்பிவிடும். அங்கே சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். அதனால்தான் சாட்சியைப் பார்த்துப் போடச் சொல்கிறேன். எழுதுகிறவரைவிட வயது குறைந்தவராக, ஊரிலேயே இருப்பவராக இருக்க வேண்டும். மரியாதைக்காக எண்பது வயது ஊர்ப் பெரியவரையும், லீவில் வந்த துபாய் மச்சானையும் போட்டுவிட்டு அப்புறம் தேடி அலைகிறவர்கள் உண்டு.

செட்டில்மென்ட்தான் சரி என்று நானே சொல்லும் இடமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளி மகளுக்கோ, கூடவே இருந்து பார்க்கும் ஒரே மகளுக்கோ கொடுக்க நினைத்து, மற்றவர்கள் கட்டாயம் சண்டைக்கு வருவார்கள் என்று தெரிந்தால், கண்ணிருக்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது. அப்போதும் இரண்டு விஷயம் பத்திரத்தில் இருக்க வேண்டும்: ஆயுள் உள்ளவரை குடியிருந்து அனுபவிக்கும் உரிமை, பராமரிக்க வேண்டும் என்ற தெளிவான நிபந்தனை. "பெத்த பிள்ளைகிட்டப் போயி கண்டிஷன் போடுறதா?" என்று கூச்சப்படுகிறார்கள். கூச்சத்தை நான் தாங்கிக்கொள்கிறேன், வக்கீல் போட்டுவிட்டார் என்று என் தலையில் போடுங்கள் என்பேன்.

பவர், அதாவது நமக்காகச் செயல்பட ஒருவருக்கு அதிகாரம் எழுதித் தருவதை இந்தப் போட்டியிலேயே சேர்க்கக் கூடாது. கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கமிருந்து வரும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்த அலசல் அப்படியே பொருந்தாது. உயிலில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் எழுத முடியும், அதையும் வாரிசு ஒருவருக்கே எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அங்கே ஹிபா, அதாவது உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் தானம்தான் வழக்கம். அதில் சொத்தை உடனே ஒப்படைத்தால்தான் செல்லும். நான் அதிகம் பார்த்தது இந்துக் குடும்ப வழக்குகள், ஹிபா விஷயத்தில் என் அனுபவம் சொற்பம். அதற்கென்று பழகிய வக்கீலிடம் போங்கள்.

எங்கள் உயிலே இன்னும் சோதனைக்கு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அம்மா 79 வயதில் தெம்பாக இருக்கிறார். தம்பியின் லோன் கிடைக்கவில்லை, வீட்டை இடிக்காமல் ஓட்டை மட்டும் மாற்றினான். இரண்டு பொங்கலுக்கு அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. உயிலைத் தேர்ந்ததற்கு நான் கொடுத்த விலை அது.

போன வாரம் அம்மா போன் பண்ணினார். "தம்பி, அந்த எழுத்துல கிணத்த யாருக்குப்பா போட்டோம்?"

"மூணு பேருக்கும் பொதுன்னு போட்டிருக்கும்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, இருக்கட்டும். எதுக்கும் அந்தப் பரமக்குடித் தம்பி இருக்காரான்னு கேட்டு வையி" என்றார்.